“எங்கட மாதிரி” என்று சொன்னால் ரோல்ஸ்

சுவிஸில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் சட்டதிட்டம் என்று பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. பிந்தி வரலாம். புத்தகத்தைப் பாதியில் விட்டுவிட்டும் வரலாம். அட்டையை மட்டும் பார்த்துவிட்டு வந்து அரைமணி நேரம் விமர்சனம் செய்தவர்களும் உண்டு. ஆனால் “இது எங்கட மாதிரி” என்று யாராவது வாய் தவறிச் சொன்னால், அடுத்த கூட்டத்துக்கு எல்லாருக்கும் தின்னப் பொரித்த ரோல்ஸ் அவர்தான் கொண்டுவர வேண்டும். இந்த ஒரு சட்டத்தைப் போட்டவர் பாசல் அக்கா.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எந்த ஊர், யாருடைய மகள், எந்தப் பள்ளிக்கூடம் என்று எங்கள் சனம் தொடங்கிவிடும். பிறகு ஆளைப் பார்க்காது. பாசலிலிருந்து வந்ததால் பாசல் அக்கா. கூரில் ஒரு ஹோட்டலில் சமையற்காரராக இருப்பவர் கூர் அண்ணை. நான் ஓல்டன்காரன். எல்லாருடைய ரயிலும் இங்கே நிற்கும் என்பதால் கூட்டமும் இங்கேதான். ஸ்டேசனுக்குக் கிட்ட, தேவாலயத்துக்குச் சொந்தமான ஓர் அறையை மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் எங்களுக்குத் தருவார்கள். போகும்போது கதிரைகளை அடுக்கி, குசினி மேசையைத் துடைத்துவிட்டுப் போக வேண்டும். அதில் கொஞ்சம் பிசகினாலும் அடுத்த நாள் மின்னஞ்சல் வரும்.

அக்கா பாசலில் ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். கட்டை உருவம், குட்டையாக வெட்டிய நரைத்த தலைமயிர். புத்தகத்தோடு எப்போதும் கைத்தொலைபேசியையும் மேசையில் வைத்திருப்பார். கதையில் ஒரு தெருப் பெயர் வந்தால் வரைபடத்தில் அந்தத் தெருவைப் பிடித்து, இரண்டு விரலால் பெரிதாக்கி, எங்களுக்கும் காட்டுவார். “இந்தச் சந்தியிலதான் அவள் பஸ்ஸை விட்டவள். பாருங்கோ, முன்னால மருந்துக்கடை.” மருந்துக்கடை கதையில் இல்லை. இருந்தாலும் எட்டிப் பார்ப்போம்.

எனக்கு அவரோடு முதல் நாளே கொழுவல். நான் யாழ்ப்பாணத்தில் படிப்பு வட்டங்களில் வளர்ந்தவன். ஆபிரிக்க நாவல் என்றால் எனக்கு ஒரு கணக்கு இருந்தது: ஒரு கிராமம் இருக்க வேண்டும், அதற்குள் வெள்ளைக்காரன் வர வேண்டும், பிறகு கிளர்ச்சி. மங்கிய தாளில் அச்சடித்த அந்தத் தமிழாக்கங்களைக் கைமாற்றிக் கைமாற்றி வாசித்தவர்கள் நாங்கள். அதற்குப் பிறகு அந்தக் கண்டத்தில் யாரும் பேனாவைத் தொடவில்லை என்பதுதான் என் மனதுக்குள் இருந்த நினைப்பு. அக்காவோ இப்போது எழுதுகிற இளசுகளாகப் பார்த்துக் கொண்டுவந்து போட்டார். லாகோஸில் வாடகைக்கார் ஓட்டுகிற ஒருத்தி, வண்டியில் ஏறுகிறவர்களின் பாட்டுத் தெரிவை வைத்தே அவர்களுடைய குடும்பச் சண்டையைக் கண்டுபிடிப்பாள். அக்ராவில் ஒரு வீட்டில் பேய் ஒன்று குடியிருக்கும். வீட்டுக்காரி அதைக் கலைத்து விரட்டாமல் அதோடு சமையல் பற்றிக் கதைப்பாள். நைரோபிக்காரன் ஒருவன் எதிர்காலத்திலிருந்து தன் மாமியாருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவான். அக்கா இவற்றை ஆங்கிலத்தில் வாசிப்பார். நாங்கள் டொச், அதாவது ஜெர்மன் மொழிபெயர்ப்பில் தட்டித் தடவி வருவோம். தட்டுப்படாத இடங்களை அவர் அங்கேயே தமிழில் சொல்லிக் காட்டுவார்.

“அக்கா, இதில போராட்டம் எங்க? ஏகாதிபத்தியம் எங்க?” என்று கேட்டேன்.

“ஏன், அவையள் எப்பவும் செத்துக்கொண்டே இருக்கோணுமோ உங்களுக்கு?” என்றார். “அதுகளும் ஒருநாள் சலூனுக்குப் போகட்டன்.”

“போகட்டும். ஆனா வாசிக்கேக்க எங்கட பிரச்சினையும்—”

“ரோல்ஸ்!” என்று கத்தினார் கூர் அண்ணை. தனக்கு ஒரு துணை கிடைத்த சந்தோசம் அவருக்கு. எந்த நாட்டு நாவலில் செக்பொயின்ற் வந்தாலும் “எங்கட ஆனையிறவுதான்” என்று தொடங்கி, மாதாமாதம் மாட்டுப்படுகிறவர் அவர். கொண்டுவருகிற ரோல்ஸ் நன்றாக இருந்ததால் நாங்களும் அவரைத் திருத்தப் பார்க்கவில்லை.

அக்ராப் பேய்க் கதையில் ஒரு சாப்பாடு வரும். ஃபூஃபூ. “களிதான் அது” என்று நான் சொல்லிவிட்டேன். அடுத்த கூட்டத்துக்கு அக்கா, பாசலில் கானா நாட்டுப் பெண் ஒருத்தி நடத்துகிற கடையில் மாவு வாங்கி, எப்படிக் கிண்டுவது என்று அவளிடமே கேட்டுக்கொண்டு வந்து, அந்தத் தேவாலயக் குசினியில் நின்று வியர்க்க வியர்க்கக் கிண்டினார். கச்சான் கடலை போட்ட கோழிக் குழம்பும் இருந்தது. கையால் பிய்த்து, குழம்பில் தோய்த்து வாயில் போட்டேன்.

“இது எங்கட...” என்று தொடங்கிவிட்டேன். கூர் அண்ணை ஆவலோடு என் வாயையே பார்த்தார். மிச்சத்தை விழுங்கினேன்.

“என்ன ருசி?” என்று கேட்டார் அக்கா. “இன்னொண்டைச் சொல்லாமச் சொல்லுங்கோ பாப்பம்.”

எவ்வளவு கஷ்டமான வேலை அது! இன்னொரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டேன். “சப்பேலாது. வழுக்கிக்கொண்டு போகுது. கச்சான் முதல் தெரியுது. உறைப்புப் பிறகுதான் வருது.”

“அவ்வளவுதான். இப்பத்தான் நீங்கள் சாப்பிட்டனீங்கள்” என்றார்.

இதையெல்லாம் வாசிக்கிறபோது அவரை ஒரு பகிடியான, நல்ல மனுசி என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. அவருடைய இந்தக் குணம் சிலவேளை ஆளைச் சுடும். ஒருமுறை எங்கள் வட்டத்துக்கு ஓர் இளம்பெண் புதிதாக வந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை, வந்து அதிக காலமில்லை. நாங்கள் அவளைப் புதுப் பிள்ளை என்போம். அன்றைய கதையில் ஒரு மகள் விமான நிலையத்தில் தாயைத் திரும்பிப் பார்க்காமல் போவாள். அந்த இடம் வந்ததும் புதுப் பிள்ளை அழத் தொடங்கினாள். “நானும் இப்பிடித்தான் வந்தனான். அம்மா அங்க நிக்கிறா, நான்...”

“பிள்ளை, அது உம்மட கதை இல்லை” என்றார் அக்கா.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைசிவரை இருந்தாள். அடுத்த மாதம் வரவில்லை.

எனக்குச் சரியான கோபம். கூட்டம் முடிந்து அக்காவை ரயில் மேடைவரை கொண்டுபோய் விடுவது வழக்கம். அன்றைக்குப் பனிப்புகார், ரயில் வருவதும் தெரியவில்லை. “அக்கா, அந்தப் பிள்ளை அழுதது ஒரு குற்றமோ? நீங்கள் என்ன நீதிபதியோ?” என்று கேட்டேவிட்டேன்.

அவர் பையைக் கீழே வைத்தார். “என்ர தம்பி கடைசிச் சண்டையில செத்தது தெரியும்தானே?”

“ஓம்.”

“செய்தி வந்த கிழமை எங்கட வீடு நிரம்பச் சனம். பிழை சொல்லக்குடாது, எல்லாரும் நல்ல சனம். சோறு கறி எல்லாம் சமைச்சுக் கொண்டு வந்தவை. ஒராள் வந்து இருந்தா, ‘எங்கட அண்ணாவும் இப்பிடித்தான்’ எண்டு தொடங்குவா. மற்றவர், ‘உங்களுக்கு ஒண்டு, எங்கட வீட்டில பாருங்கோ’ எண்டுவார். பிறகு அவை ரெண்டுபேரும் கதைப்பினம். நான் தேத்தண்ணி குடுத்துக்கொண்டு திரிஞ்சன். என்ர தம்பி என்ன மாதிரி ஆள் எண்டு ஒருத்தர் கேக்கேல்லை. அவன் சைக்கிள் ஓடேக்க ரெண்டு கையையும் விட்டிட்டு, தலைமயிரைச் சீப்பால இழுத்துக்கொண்டு ஓடுவான். அதைச் சொல்ல எனக்கு இடம் கிடைக்கேல்லை.”

ரயில் வந்து நின்றது. அவர் ஏறவில்லை.

“ஒருத்தற்ற கதை வாசிக்கேக்க எங்கடையைத் தூக்கி அதுக்கு மேல வைச்சா, அந்த ஆள் காணாமப் போயிடும். அதுதான் எனக்குப் பொறுக்கிறேல்லை. ஆனா அந்தப் பிள்ளைக்கு நான் செய்ததும் அதுதான், என்ன? அவவையும் நான் கேக்கேல்லை.”

அடுத்த ரயிலில் போனார். மறுநாளே புதுப் பிள்ளைக்கு அழைப்பு எடுத்திருக்கிறார். விமான நிலையத்தில் அவளுடைய தாய் என்ன நிறச் சீலை உடுத்திருந்தார், கையில் என்ன வைத்திருந்தார் என்று கேட்டுக் கேட்டு முழுவதையும் சொல்ல வைத்திருக்கிறார். தன் தம்பியைப் பற்றி ஒரு சொல் இல்லை. இதை எனக்குச் சொன்னது புதுப் பிள்ளைதான். அடுத்த கூட்டத்துக்குத் திரும்பி வந்துவிட்டாள், கையில் ரோல்ஸோடு.

அதற்குப் பிறகுதான் கம்பாலா நாவல் வந்தது. கம்பாலாவில் ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில் இரண்டு சகோதரிகள் சிகை அலங்காரக் கடை நடத்துகிறார்கள். அவ்வளவுதான் கதை. போரும் இல்லை, வறுமையும் இல்லை. மூத்தவள் வாடிக்கையாளர்களுக்குத் தலை பின்னிக்கொண்டே பொய் சொல்லுவாள். ஒருத்தியிடம் தன் கணவன் விமானி என்பாள், அடுத்தவளிடம் தனக்குக் கல்யாணமே பொருந்தவில்லை என்பாள். இளையவள் எல்லாப் பொய்யையும் நினைவில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். எழுதியவள் அந்த ஊர்ப் பெண், சின்ன வயது. அக்கா அந்தப் புத்தகத்தோடு பைத்தியமாகத் திரிந்தார்.

அந்த எழுத்தாளப் பெண் பாசலுக்குத் தன் நாவலை வாசித்துக் காட்ட வந்தபோது எங்களையும் இழுத்துக்கொண்டு போனார். மேடையில் இருந்த சுவிஸ் ஐயா நல்லவர்தான், ஆனால் கேள்வி கேட்கும்போதே முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டார். உங்கள் நாட்டின் காயங்கள், உங்கள் கண்டத்தின் எதிர்காலம் என்று போயிற்று. அந்தப் பெண் சிரித்துச் சிரித்துச் சமாளித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். வேலையிடத்தில் யாராவது அன்பாக “உங்கள் நாட்டில் இப்போது அமைதியா?” என்று கேட்டால் நானும் அதைத்தான் எடுத்துப் போடுவேன். கூர் அண்ணை விடுதலைப் போராட்டங்கள் பற்றிக் கேட்கக் கை தூக்கப் பார்த்தார். அக்கா அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டுத் தன் கையைத் தூக்கினார்.

“உங்களுடைய சலூனில் இரண்டாவது கதிரையில் ஒருவரும் இருப்பதில்லை. கூட்டம் நிரம்பி வழிந்தாலும் ஆட்களை வாங்குப் பலகையில் இருத்தி வைக்கிறீர்கள். ஏன்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அந்தப் பெண் முன்னால் குனிந்தாள். முதலில் எழுதியபோது மூன்று சகோதரிகள் இருந்தார்களாம். நடுவிலாள் கதைக்குச் சரிவரவில்லை, எடுத்துவிட்டாளாம். “ஆளை எடுத்தேன். கதிரையை எடுக்க மனம் வரவில்லை. இதை இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை” என்றாள். இப்போது சிரித்தது வேறு சிரிப்பு.

கையெழுத்து வாங்குகிற வரிசையில் அக்கா, இதைத் தமிழில் செய்ய விருப்பம் என்றார். ஏன் என் புத்தகம் என்று அவள் கேட்டாள். கூர் அண்ணையும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஈழம் என்ற சொல் வருவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

“உங்கட மூத்தவள் சொல்லுற பொய்யளை எனக்குத் தமிழில சொல்லிப் பாக்க ஆசை” என்ற கருத்தில் ஏதோ ஆங்கிலத்தில் சொன்னார் அக்கா. அந்தப் பெண் எழுந்து வந்து அவரைக் கட்டிப்பிடித்தாள்.

மொழிபெயர்ப்பு நீண்டகாலம் எடுத்தது. முடிந்ததும் சென்னையில் ஒரு பதிப்பாளர் சம்மதித்தார். ஒரு ஞாயிறு கூட்டத்தின் நடுவில் அவருடைய அழைப்பு வந்தது. எல்லாரும் கேட்கட்டும் என்று அக்கா ஒலிபெருக்கியில் போட்டார்.

“மேடம், நாவல் பிரமாதம். ஆனா நம்ம வாசகர்களுக்கு உகாண்டா சலூன் எதுக்குன்னு ஒரு கேள்வி வரும்ல? நீங்க ஈழத்துக்காரங்க. தம்பியைப் போர்ல இழந்திருக்கீங்க. அதையும் இதையும் இணைச்சு ஒரு முன்னுரை எழுதிடுங்க. அட்டைக்கு ஒரு ஒத்தை மரம், சூரியன் மறையுது, தலையில குடத்தோட ஒரு பொண்ணு. புத்தகம் பிச்சுக்கிட்டுப் போகும்.”

தம்பி விசயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்றால், கூர் அண்ணை சிபாரிசு செய்வதாக நினைத்துச் சொல்லி வைத்திருந்தார். அவர் இப்போது ரோல்ஸ் பெட்டிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

“தம்பி, கதையில மரமே இல்லையே” என்றார் அக்கா. “மேல்மாடிக் கடை. குடமும் இல்லை, குழாயில தண்ணி வருது. முன்னுரை நான் எழுதமாட்டன். கதையை மட்டும் போடுங்கோ.”

“மேடம், அப்படின்னா கொஞ்சம் யோசிக்கணும்” என்றார் அவர். யோசனை மாதக்கணக்கில் நீண்டது.

அதற்கிடையில் அக்காவுக்கு வருத்தம் வந்தது, தீராத நோய். இரத்தம் பார்க்கிறவர் என்பதால் பரிசோதனை முடிவை வைத்தியருக்கு முதலே தான் வாசித்துவிட்டார். எவ்வளவு காலம் என்று எங்களிடம் சொல்லவில்லை. அதிகமில்லை என்பது அவர் மெலிந்ததில் தெரிந்தது. புத்தகம் அச்சில் வருமா, வந்தால் அவர் இருக்கையிலேயே வருமா என்பதுதான் எங்கள் எல்லாருக்கும் கவலை. நான்தான் கேட்டேன்.

“அக்கா, ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தால் நாளைக்கே அடிச்சுப்போடுவாங்கள். பிடிவாதம் பிடிக்கிற நேரமோ இது?”

“என்ர தம்பியை முதல் பக்கத்தில இருத்தி வைச்சா, வாற சனம் அவனுக்குக் கவலைப்பட்டிட்டு அப்பிடியே திரும்பிப் போயிடும்” என்றார். “உள்ளுக்க அந்தப் பிள்ளையள் தலை பின்னிக்கொண்டு காவல் இருக்குங்கள். ஒருத்தரும் போகாயினம். அவனையும் ஒருத்தரும் அறியாயினம், அதுகளையும் அறியாயினம்.”

அதற்குமேல் நான் அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

வழி கம்பாலாவிலிருந்துதான் வந்தது. அக்கா உள்ளதை உள்ளபடி அந்தப் பெண்ணுக்கு எழுதியிருந்தார், தன் வருத்தத்தைத் தவிர. உரிமை அவளுடையது. மரம் வேண்டாம், குடம் வேண்டாம், முன்னுரை வேண்டாம், சம்மதமென்றால் கையெழுத்து என்று அவள் சென்னைக்கு எழுதிவிட்டாள். பதிப்பாளரும் இறங்கி வந்தார். கொஞ்ச நாளில் புது அட்டை அக்காவின் தொலைபேசிக்கு வந்தது. நாங்கள் வைத்தியசாலையில் அவருடைய கட்டிலைச் சுற்றி நின்று பார்த்தோம். மஞ்சள் பின்னணியில் ஒரு வெறும் கதிரை.

அக்கா இரண்டு விரலால் பெரிதாக்கினார். “கால் பிழை. சலூன் கதிரைக்கு நாலு கால் இராது. நடுவில ஒரு தண்டுதான், சுத்துறது. மாத்தச் சொல்லுங்கோ.”

மாற்றினார்கள். புத்தகம் வர முதல் அக்கா போய்விட்டார்.

செத்தவீட்டில் அக்காவின் கணவர் ஒரு மூலையில் இருந்தார். சுற்றிலும் சனம். ஒருவர் தன் மனைவிக்கு இதே வருத்தம் வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொருவருக்குத் தாய். கணவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கூர் அண்ணை அவருக்குப் பக்கத்தில் போய் இருந்து, “என்ர அம்மா செத்த நேரமும்...” என்று தொடங்கினார். தொடங்கியவர் நிறுத்திவிட்டார். முகம் கறுத்துப் போயிற்று. பிறகு மெல்லமாகக் கேட்டார்: “அண்ணை, அக்கா பாட்டுப் படிக்கிறவவோ?”

கணவர் நிமிர்ந்தார். “சமைக்கேக்க படிப்பா. ஒரு பாட்டும் முழுசாப் பாடமில்லை. சுதியும் சேராது. நான் கதவைச் சாத்துவன், அவ வேணுமெண்டு திறந்துவிட்டிட்டுப் படிப்பா.” சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். அதற்குப் பிறகு நாங்கள் ஒவ்வொருவராகக் கேட்டோம், அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

புத்தகப் பெட்டி என் வீட்டுக்கு வந்தது. அடுத்த ஞாயிறு அறையைத் திறந்து கதிரைகளைப் பழக்கத்தில் போட்டேன். அக்காவுக்கும் போட்டுவிட்டேன். அவர் எப்போதும் இருக்கிற இடம், யன்னலுக்குப் பக்கம். எல்லாரும் வந்தார்கள், புத்தகத்தைக் கையில் எடுத்துத் தடவினார்கள், அந்தக் கதிரையை விட்டுவிட்டு மற்றக் கதிரைகளில் இருந்தார்கள். புதுப் பிள்ளை அட்டையைப் பார்த்தாள். யன்னல் பக்கம் பார்த்தாள். மறுபடி அட்டையைப் பார்த்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்கு விளங்கியது, ஏனென்றால் நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லுவதற்கு வாயைத் திறந்தும்விட்டேன்.

கூர் ரயில் பிந்தியிருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வந்த கூர் அண்ணை எங்கள் முகங்களைப் பார்த்தார், யன்னல் பக்கத்தைப் பார்த்தார். நேரே போய் அந்தக் கதிரையை இழுத்துப்போட்டுத் தொப்பென்று இருந்தார்.

“என்ன பாக்கிறியள்? அது கம்பாலாக் கதிரை. இது ஓல்டன் கதிரை” என்றார். சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. “வாசியும் பிள்ளை.”

புதுப் பிள்ளை அட்டையைத் திருப்பினாள். முன்னுரை இல்லை. கம்பாலாவில் ஒரு மேல்மாடிக் கடையில், மூத்தவள் தன் முதல் பொய்யைத் தமிழில் சொன்னாள்.